அவருக்கு மூன்று கட்டம், எங்களுக்கு இரண்டு

இன்னொருத்தர் முதுகைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதுவும் நோயாளியின் முதுகு, எலும்பை எண்ணிவிடலாம். அதில் சிவப்பு மையால் இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். நெஞ்சில் ஒன்று. ஆக மூன்று. என் வீட்டுக்காரிக்கு நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, அத்தோடு சரி. குறைந்த அந்த ஒரு கட்டத்தை நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டியில் மூட்டைக்கு மார்க் போடுகிற வேலை. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எழுத்து சம்பந்தப்பட்ட வேலை கிடைத்ததே பெரிது. எழுத்து வெட்டிய தகரத் தகடு, ஒரு பிரஷ், ஒரு டப்பா கருப்பு மை, இவ்வளவுதான் என் சாமான். மண்டியில் வாய்க்கு மதிப்பில்லை, மார்க்தான் பேசும். வட்டம் போட்டால் அந்த மூட்டை அரிசி மில்லுக்குப் போகும். முக்கோணம் போட்டால் சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போகும். லாரியில் ஏற்றுகிறவர் யாரையும் கேட்க மாட்டார். மூட்டையைப் பார்ப்பார், தூக்குவார், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் வேர்.

கவலை எனக்குக் கூடப் பிறந்தது. பஸ் ஏறினால் பிரேக்கைப் பற்றிக் கவலை, இறங்கினால் பையை விட்டுவிட்டோமோ என்று கவலை. அப்படிப்பட்டவன் வீட்டில் இருந்துகொண்டு, என் மனைவி இரண்டு மாதம் சாப்பாடு இறங்காததை மறைத்திருக்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தள்ளியிருக்கிறாள். ஒரு மத்தியானம் கேழ்வரகுக் களி நெஞ்சில் நின்று, கண்ணெல்லாம் தண்ணீராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பூட்ட முடியாத கதவாட்டம் ராப்பகலா அடிச்சிக்குனு கெடப்ப. அதான்."

உள்ளூர் டாக்டர், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார். உணவுக்குழாய் படத்தில் எலி கடித்த கயிறு போல ஓரிடத்தில் நைந்து தெரிந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா, கட்டி இருக்கிற இடத்தில் கத்தி வைக்க முடியாது, கரண்ட் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் பேர். முப்பத்து மூன்று நாள். சனி, ஞாயிறு லீவு.

முதல் நாள் அவளைப் படுக்க வைத்துப் படம் எடுத்து, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பு மையால் ஒவ்வொரு கட்டம் வரைந்தார்கள். அந்தக் கட்டத்தின் மேல்தான் மெஷின் நிற்கும். குளிக்கும்போது அங்கே தண்ணீர் படக் கூடாது, கட்டம் அழியக் கூடாது என்று மெஷின் பார்க்கிறவர் இரண்டு தடவை சொன்னார். ஒரு ஆள் கனத்துக்கு இரும்புக் கதவு. அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அது அணைகிற வரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இரண்டாம் வாரம் எங்களுக்கு நேரத்தை மாற்றினார்கள். புது வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு மலைக்காரர் இருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் நிற்கிற இடத்திலிருந்து அரை நாள் நடை என்றார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவருக்கும் உணவுக்குழாயில்தான். துணைக்கு அவருடைய அக்கா வந்திருந்தார். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்திரத்தில்தான் தங்கல். நாங்களும் அங்கேதான்.

அவர் எடுத்த எடுப்பில் என் மனைவியிடம் பேசினார்.

"இன்னாக்கா, ஒனக்கு எத்தினியாவது நாளு?"

"இன்னியோட ஆறு."

"அப்ப இன்னும் அடுப்பே பத்த வெக்கல. பத்து நாளுக்கு மேலதான் உள்ள எரியும். எச்சி முழுங்கினாக்கூட மொளகா அரைச்சி ஊத்தின மாரி இருக்கும். பயந்துக்காத. தானா அவியும்."

"ஒனக்கு அவிஞ்சிருச்சா?"

"எனக்கு இப்ப கரி அடுப்பு. ஊதிக்கினு ஒக்காந்திருக்கேன்."

அவள் சிரித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் நான் அவளைச் சிரிக்க வைக்கவில்லை. நான் எரிச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அவர் சொன்னால் தலையாட்டுகிறாள். விழுங்க முடியாதவர்களுக்குள் ஒரு பாஷை இருக்கிறது. அதில் எனக்கு இடமில்லை. நல்ல தொண்டை உள்ளவன் நான்.

அவர் சொன்ன மாதிரியே பத்து நாளுக்கு மேல் எரிந்தது. நொய்க்கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்பேன். துப்பிவிடுவாள். அவர் அக்கா ஒரு சின்ன பாட்டிலில் மலைத்தேன் கொண்டுவந்தார்.

"இத ஒரு சொட்டு நாக்குல வையி கண்ணு. நீ முழுங்காத, அதுவே எறங்கிக்கும்."

இறங்கியது. நான் சுரக்காயை வேகவைத்து, இளநீர் வாங்கிக் கொடுத்தும் எதுவும் இறங்கவில்லை. அவன் வீட்டுத் தேன் இறங்குகிறது. இப்போது அவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். அப்போது மனசுக்குள் அவன்தான்.

அந்த வாரம்தான் முதுகைப் பார்த்தேன். வெக்கையாக இருந்ததென்று சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். முதுகுத்தண்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, சாய்வாக இரண்டு கட்டம். நெஞ்சில் தனியாக ஒன்று. நான் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

மெஷின் பார்க்கிறவரைப் பிடித்தேன்.

"சார், அவருக்கு மூணு இருக்குது. எங்களுக்கு ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

"ஆளுக்கு ஆள் வேற வேறங்க. அடுத்து யாரு, வாங்க வாங்க."

அவருக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நின்று பேச நேரமில்லை. நானும் டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். கேட்டால் இருக்கிற இரண்டில் ஒன்றைக் குறைத்துவிடுவார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அது எங்கள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம். மண்டியில், பஸ்ஸில், டீக்கடையில் அதே பேச்சுதான். யாருக்கு எத்தனை பங்கு, நமக்கு ஏன் இல்லை. எங்கள் கோரிக்கையில் தப்பு இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு எதைப் பார்த்தாலும் பங்காகவே தெரிந்தது. மலைக்காரர்களுக்கு அரசாங்கத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அப்படியானால் கரண்டிலும் இருக்கும். மூன்று கட்டம் அவர்களுக்கு, இரண்டு நமக்கு. கணக்கு எனக்கு அழகாக ஒத்துப்போனது.

சத்திரத்தில் மனைவியிடம் சொன்னேன்.

"யோவ், நெஞ்சிக்குள்ள வர்ற கட்டிக்குக் கூடவா சாதி பாத்துப் பங்கு பிரிப்பாங்க?"

"அப்ப அவனுக்கு மட்டும் ஏன் மூணு?"

"அவனையே கேளு. வாயா இல்ல ஒனக்கு?"

கேட்கவில்லை. கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும்.

பதினைந்து நாள் முடிந்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மலைக்காரரும் அக்காவும் சத்திரத்திலேயே இருந்தார்கள். இரண்டு நாள் லீவில் அவர்கள் மலை ஏறி இறங்க முடியாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, "குடுத்து வெச்ச மவராசி, வூட்டுக்குப் போற" என்று அந்த அக்கா என் மனைவியின் கன்னத்தைத் தடவினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டி ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து சாலை மறியல். உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரத்தைச் சாய்க்கப் போகிறார்கள்.

"நீ வர்றியா, இல்ல பொண்டாட்டி முந்தானைல ஒளிஞ்சிக்கிறியா?" என்றார் எங்கள் மண்டியின் எடைக்காரர்.

போயிருக்க வேண்டாம். வீட்டில் நோயாளி இருக்கிறாள் என்றால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த மூன்றாவது கட்டம் கண் முன்னால் நின்றது. போனேன். அடி வெட்டிய மரத்துக்குக் கயிறு கட்டி இழுத்த வரிசையில் மூன்றாவது ஆளாக நின்று இழுத்தேன். மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். காலையில் எப்படியும் அகற்றிவிடுவார்கள், பஸ் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

திங்கட்கிழமை பஸ் இல்லை. செவ்வாய் இல்லை. எங்கள் மரம் ஒன்றா, அந்த ரோட்டில் எத்தனையோ மரம். பால் வண்டிகூட நின்றுவிட்டது. புதன்கிழமை மத்தியானம் அவள் கேட்டாள்.

"அந்த மரத்துல நீயும் கை வெச்சியா?"

கையில் கயிறு உரசிய காயம் இருந்தது. நான் அதை மறைக்கவில்லை.

"சரி. போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அங்கே மலைக்காரருக்குத் தினம் தினம் கரண்ட் வைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று கட்டத்திலும். இங்கே இவளுக்கு ஒன்றும் இல்லை. போதாததற்கு வேர்வையில் கட்டம் அழிய ஆரம்பித்தது. நெஞ்சில் பாதிக் கோடு போய்விட்டது. முதுகில் ஒரு மூலைதான் மிச்சம். மெஷின் பார்க்கிறவர் சொன்னது எனக்குக் காதிலேயே இருந்தது. கட்டம் அழியக் கூடாது.

வெள்ளிக்கிழமை மண்டியிலிருந்து மை டப்பாவையும் பிரஷையும் எடுத்து வந்தேன்.

"இன்னாய்யா பண்ணப் போற?"

"அழிஞ்சது மேலயே இழுக்கிறேன். திரும்பி ஒக்காரு."

நெஞ்சில் இருந்த கட்டத்தை இருந்த மாதிரியே இழுத்தேன். சத்தியமாக அது சரியாகத்தான் இருந்தது. முதுகுக்கு வந்தேன். பிரஷை மறுபடி மையில் தொட்டுக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, சாய்வாக இரண்டு கட்டம் போட்டேன். மலைக்காரர் முதுகு எனக்கு மனப்பாடம். மார்க் இருந்தால் மெஷின்காரர் மெஷினைத் திருப்புவார். மூட்டையைத் தூக்குகிறவர் கேட்கிறாரா? இவர் மட்டும் எதற்குக் கேட்கப்போகிறார்?

"எவ்ளோ நேரம்யா? சில்லுனு இருக்குது."

"முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி."

அவளால் தன் முதுகைப் பார்க்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ரோடு திறந்து முதல் பஸ்ஸில் போனோம். சத்திரத்து வாசலில் மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புதன்கிழமையே முடிந்துவிட்டதாம். பஸ் இல்லாமல் ஊருக்குப் போக முடியாமல் ஐந்து நாளாக அங்கேயே கிடந்திருக்கிறார். கையில் ஒரு இட்லி. சாம்பாரில் ஊறவைத்தது, ஆனால் இட்லி. பிட்டுப் பிட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி அதைப் பார்த்தாள். நான் அவள் பார்த்ததைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை மெஷின் அறைக்குள் அனுப்பினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. இரும்புக் கதவு திறந்தே இருந்தது. மெஷின் பார்க்கிறவர் கையில் ஒரு அட்டையோடு வெளியே வந்தார்.

"யாருங்க இது வரைஞ்சது?"

என் விரல் நகத்தில் கருப்பு மை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். அந்த அட்டையில் என் மனைவியின் உடம்பை வரைந்து, எங்கெங்கே எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருந்தது. அங்கே உடம்பின் மேலுள்ள மார்க் மட்டும் பேசாது, அட்டையும் ஒத்துப்போக வேண்டும். அது எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். என்னை உட்கார வைத்தார். அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"எதுக்குப் பின்னாடி ரெண்டு போட்டீங்க?"

சொன்னேன். மலைக்காரர், மூன்று கட்டம், எல்லாம் சொன்னேன். ஒதுக்கீடு என்று நினைத்ததையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு பேனாவை நிற்க வைத்தார்.

"இதுதான் முதுகெலும்புன்னு வெச்சிக்குங்க. உள்ள நரம்பு ஓடுது. அதுக்கு முன்னாடி உணவுக்குழாய். நெஞ்சுலேர்ந்து நேரா விட்டாலும், முதுகுலேர்ந்து நேரா விட்டாலும், கட்டியோட சேர்ந்து இந்த நரம்பும் வாங்கிக்குது. அது ஒரு அளவுதான் தாங்கும். எங்க கணக்குல இருபது நாள். அதுக்கு மேல போனா கால் விளங்காம போயிடலாம். அதனால இருபது நாள் முடிஞ்சதும் பின்பக்கம் நேரா விடறத நிறுத்திட்டு, நரம்ப ஒதுக்கி ரெண்டு பக்கமும் சாய்வா விடுவோம்."

"அப்ப அவருக்கு?"

"அவரும் முதல் இருபது நாள் ரெண்டுலதான் இருந்தாரு. உங்களுக்கு ரெண்டு வாரம், மூணு வாரம் முன்னாடி வந்தவரு. நீங்க பாத்தப்ப அவருக்கு மூணா மாத்தியாச்சி. இன்னும் அஞ்சு நாள்ல உங்க வீட்டம்மாவுக்கும் மூணுதான்."

"மூணுதான் ஒசத்தின்னா மொதல்லயே..."

"ஒசத்தி இல்லைங்க. ரெண்டுல கட்டியைச் சுத்தி மேலயும் கீழயும் அகலமா, சிக்கல் இல்லாம கிடைக்கும். மூணுல நரம்பு தப்பிக்கும், ஆனா நுரையீரல் கொஞ்சம் வாங்கிக்கும். எதுல வெச்சாலும் பக்கத்துல ஒண்ணு அடி வாங்கும். எது முதல்ல, எது பிறகுங்கறதுதான் வைத்தியம்."

பிறகு பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க வரைஞ்சதுல ஒரு கட்டம் சாய்வுக்குப் பதிலா எலும்பு மேலயே உக்காந்திருக்கு. அத நாங்க பாத்துட்டோம், விடுங்க. விட்டுப்போன அஞ்சு நாள்தான் எனக்குக் கவலை. நடுவுல இடைவெளி விட்டா கட்டி மறுபடி தலை தூக்கும். ரோடு அடைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பாவம் என்று சொன்னார். வாசலில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லேன் என்கிற பார்வை அது. நான் சொல்லவில்லை.

மறுபடி படம் எடுத்துப் புதுக் கட்டம் போட்டார்கள். என் மண்டி மை லேசில் போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் நிழல் மாதிரி நின்றது. குழம்பாமல் இருக்க அதன் மேல் பெருக்கல் குறி போட்டார்கள். அதற்கப்புறம் பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் வரிசையில் நிற்கிற அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னாம்மா, முதுகுல தப்புக் கணக்காட்டம் அடிச்சி வெச்சிருக்காங்க" என்பார்கள்.

"எங்க வூட்டு வாத்தியார் போட்டது. ஆறாங்கிளாஸ்" என்பாள் அவள்.

மலைக்காரரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எம் முதுகு மேல இம்மா ஆசையாண்ணே? கேட்டிருந்தா கழட்டியே குடுத்திருப்பேன்" என்றார். மறுநாள் ஊருக்குப் போனார்கள். தேன் பாட்டிலை அந்த அக்கா என் மனைவி மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து நாள் கழித்து அவளுக்கும் மூன்று கட்டம் வந்தது. விட்டுப்போனதற்காகச் சில நாள் கூட்டி வைத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு ரசம் சோறு குழைத்துச் சாப்பிட்டாள். அதற்கடுத்த பொங்கல் வரைக்கும் பரவாயில்லை. பிறகு மறுபடியும் தண்ணீர் குடித்துத் தள்ள ஆரம்பித்தாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. ஆடி பிறக்கும் முன் போய்விட்டாள். அந்த ஐந்து நாள்தான் காரணமா என்று டாக்டரம்மாவைப் போய்க் கேட்டேன். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

மலைக்காரர் இருக்கிறார். ஒவ்வொரு பங்குனிக்கும் மலைப் புளியைக் கட்டிக்கொண்டு எங்கள் மண்டிக்குத்தான் வருகிறார். அவர் மூட்டைக்கு மூன்று கட்டம் மார்க். என் மனைவி உயிரோடு இருந்தபோது அவள் சொன்னது அது. "அந்தாளுக்கு அதையே போடுய்யா, ஒனக்குத்தான் கை பழகியிருக்குதே" என்றாள். மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

போன பங்குனியில் மூட்டையை இறக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றி உதறினார். முதுகில் இரண்டு இடம் கருத்துக் கிடந்தது, சாய்வாக.

"பாருண்ணே, இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"எனக்குத் தெரியிறதில்ல. நீ பாத்துச் சொன்னாத்தான்."

டீக்கடைக்குப் போனோம். எனக்கு ஒரு டீ சொன்னார், தனக்கு மசால் வடை. ஆறிப்போன வடை, கல்லு மாதிரி இருந்தது. அவர் கடித்து, மென்று, விழுங்கினார். தொண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணி வேணுமா என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? தானா எறங்குதே" என்று அடுத்த வடையை எடுத்தார்.

அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.